கேட்க வேண்டியதைக் காலத்தோடு கேளுங்கள்



பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளை ஒருவரிடம் "அக்கொமொடேஷனுக்குப் பதிந்துவிட்டீரா?" என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் அம்மா முந்திக்கொண்டு, "வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம்தானே, இவனுக்கு ஏன் தனி அறை?" என்பார். எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லுக்குத் தங்குமிடம் என்ற ஒரு பொருள்தான் உண்டு. ஒன்ராறியோவின் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. நோயோ காயமோ இயலாமையோ உள்ள ஒரு மாணவர், மற்றவர்கள் படிக்கும் அதே பாடத்தை அவர்களோடு சமமாகப் படித்து எழுதுவதற்காகச் செய்து தரப்படும் மாற்றம் அது. பரீட்சையில் கூடுதல் நேரம், அமைதியான சிறிய அறை, நேரத்தை நிறுத்திவைத்து எடுக்கும் இடைவேளை, விரிவுரையை ஒலிப்பதிவு செய்ய அனுமதி, குறிப்பு எடுக்க உதவி, ஒப்படைக்குச் சில நாள் தவணை, ஒரே நாளில் இரண்டு பரீட்சை வராமல் மாற்றியமைத்தல், சைகைமொழி பெயர்ப்பாளர், வாசித்துக் காட்டும் மென்பொருள் எல்லாம் அதில் அடங்கும்.

நான் ஒரு தாதி. வாலிபர் கூட்டம் முடிந்து மற்றவர்கள் தேநீருக்குப் போன பின், கார் தரிப்பிடத்தில் யாராவது ஒருவர் மெதுவாக என்னிடம் வருவதுண்டு. கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள். "அக்கா, என்ர வருத்தத்துக்கு இது தருவினமா?" அடுத்தது, "அம்மாவுக்கும் ஆக்களுக்கும் தெரிய வருமா?" முதற் கேள்விக்கு என் பதில்: பெரும்பாலும் தருவார்கள். இரண்டாவதற்கு: நீங்கள் சொன்னாலொழியத் தெரியாது. ஆனால் இந்த இரண்டையும்விட முக்கியமான மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. எப்போது கேட்க வேண்டும் என்பதே அது. இந்த ஏற்பாடு பின்னோக்கி வேலை செய்வது அரிது. ஒக்டோபரில் சித்தியடையாமல் போன பரீட்சையை நவம்பரில் பதிந்து திருத்துவது கடினம். ஆகவே இதை நான்கு பேர் கேட்கும்படி எழுதி வைக்கிறேன்.

சலுகை அல்ல, ஏற்பாடு

இதைத் தமிழில் பலர் "சலுகை" என்கிறார்கள். அந்தச் சொல்லே பாதிப் பிள்ளைகளைத் தடுத்துவிடுகிறது. சலுகை என்றால் தகுதியில்லாதவருக்கு இரக்கப்பட்டுக் கொடுப்பது போல இருக்கும். கெட்டிக்காரப் பிள்ளைக்கு அது அவமானமாகப்படும். "மற்றப் பிள்ளைகள் மூன்று மணித்தியாலத்தில் எழுதுவதை நான் நான்கரை மணித்தியாலத்தில் எழுதினால் அது களவு இல்லையா அக்கா?" என்று ஒரு தம்பி என்னிடம் நேர்மையாகவே கேட்டார்.

களவு இல்லை. வினாத்தாள் அதுவேதான். புள்ளியிடும் முறை அதுவேதான். சித்திக்கான எல்லையும் அதுவேதான். பாடம் தெரியாதவருக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் கொடுத்தாலும் பாடம் தெரியப் போவதில்லை. தெரிந்தவர் அதைத் தாளில் இறக்குவதற்கு எது தடையாக நிற்கிறதோ அதை மட்டும் இந்த ஏற்பாடு விலக்குகிறது. கண்ணாடி அணிந்து பரீட்சை எழுதுபவரை நாம் யாரும் களவு செய்கிறார் என்று சொல்வதில்லை.

வேதாகமம் வாசிக்கும் நமக்கு இது புதிதும் அல்ல. யாத்திராகமத்தின் நான்காம் அதிகாரத்தில், தனக்குப் பேச வராது என்று மோசே சொல்கிறார். அதற்காக அவருடைய பணி குறைக்கப்படவில்லை. பார்வோனிடம் போக வேண்டியது போக வேண்டியதே. பேசுவதற்கு ஆரோன் கூட அனுப்பப்பட்டார். மோசே தன் தடையை வாய்திறந்து சொன்ன பிறகுதான் அது நடந்தது என்பதையும் கவனியுங்கள்.

யார் கேட்கலாம்?

சக்கர நாற்காலியும் வெள்ளைப் பிரம்பும் மட்டுமே இயலாமை என்று பலர் நினைக்கிறார்கள். வெளியில் தெரியாத வருத்தங்களுக்கும் இதில் இடம் உண்டு. வைத்தியசாலையில் இளையோரிடம் நாங்கள் அடிக்கடி காணும் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாம் வகை நீரிழிவு உள்ளவர் பரீட்சைக்கு நடுவே இரத்தச் சர்க்கரை 4-க்குக் கீழே இறங்கினால், உடனே 15 கிராம் அளவு சீனி எடுத்து, 15 நிமிடம் பொறுத்து, மீண்டும் பார்க்க வேண்டும். சர்க்கரை ஏறிய பிறகும் மூளை முழுத் தெளிவுக்கு வர அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகலாம். அந்த நேரமெல்லாம் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று: இப்போது பலரும் கையில் ஒட்டியிருக்கும் உணரியின் அளவைக் கைத்தொலைபேசியில்தான் பார்க்கிறார்கள். பரீட்சை மண்டபத்தில் கைத்தொலைபேசிக்குத் தடை. முன்கூட்டியே எழுத்தில் ஏற்பாடு செய்யாவிட்டால், உயிருக்குத் தேவையான கருவியே பரீட்சை மோசடிச் சந்தேகமாகிவிடலாம்.

வலிப்பு உள்ளவருக்குத் தூக்கமின்மை பெரிய தூண்டுகோல். ஒரே நாளில் இரண்டு பரீட்சை, அதற்காக இரவு முழுவதும் விழிப்பு என்பது அவருக்கு ஆபத்து. சில வலிப்பு மருந்துகள், உதாரணமாக டோபிரமேட், தெரிந்த சொல்லையே வாயில் வரவிடாமல் செய்யக்கூடும். படிப்பில் திறமையில்லை என்று அவர் தன்னையே நொந்துகொண்டிருப்பார். காரணம் மருந்தாக இருக்கும்.

லூபஸ் உள்ளவருக்கு விரல் மூட்டு வீங்கிய நாளில் மூன்று மணித்தியாலம் கையால் எழுத முடியாது. கணினியில் எழுதலாம். தலையில் அடிபட்டு மூளையதிர்ச்சி ஏற்பட்டவருக்குச் சில கிழமைகளுக்குத் திரையும் வெளிச்சமும் ஆகாது. இது தற்காலிகமானது என்றாலும் ஏற்பாடு கேட்கலாம். எழுதும் கை முறிந்தாலும் கேட்கலாம்.

மனச்சோர்வு, கடும் பதற்றம், ஏ.டி.எச்.டி., வாசிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா ஆகியவையும் இதில் அடங்கும். எங்கள் வீடுகளில் இவற்றுக்கு "சோம்பல்", "ஃபோனால வந்தது", "ஜெபம் பண்ணினால் சரி" என்ற பெயர்கள்தான் இருக்கின்றன. ஜெபம் பண்ணுங்கள். சர்க்கரை வியாதிக்கு ஜெபம் பண்ணிவிட்டு இன்சுலினும் போடுகிறோம் அல்லவா, அதே போல.

ஒரு தங்கையின் கதையை அவருடைய அனுமதியோடு சொல்கிறேன். அவருக்குப் பெருங்குடல் அழற்சி. வருத்தம் கூடும் நாளில் மணித்தியாலத்துக்கு இரண்டு தரம் கழிவறைக்கு ஓட வேண்டும். முதலாம் ஆண்டில் யாரிடமும் சொல்லவில்லை. "பெண் பிள்ளை, நாளைக்குக் கலியாணம் பேச வேணும்" என்று வீட்டில் வாயைக் கட்டியிருந்தார்கள். பரீட்சை நாளில் காலையிலிருந்து சாப்பிடாமல், தண்ணீரும் குடிக்காமல் போய் உட்கார்ந்தார். அப்படியும் மூன்று மணித்தியாலத்தில் அரை மணித்தியாலம் கழிவறையில் போனது. இரண்டு பாடத்தில் சித்தியில்லை. இரண்டாம் ஆண்டில் பதிந்தார். அவருக்குக் கிடைத்தது சின்ன விஷயம்: கழிவறைக்கு அருகில் ஓர் அறை, அவர் வெளியே போகும்போது கடிகாரத்தை நிறுத்திவைத்தல். கூடுதலாக ஒரு நிமிடம்கூட அவருக்கு எழுதக் கிடைக்கவில்லை. இழந்த நிமிடங்கள் மட்டும் திரும்பக் கிடைத்தன. அவருக்கு அது போதும். விட்ட இரண்டு பாடங்களையும் எழுதி முடித்தார்.

சட்டம் என்ன சொல்கிறது

இது பல்கலைக்கழகத்தின் கருணை அல்ல. ஒன்ராறியோ மனித உரிமைகள் சட்டத்தின்படி கல்வி ஒரு சேவை. அதை வழங்குபவர் இயலாமை உள்ளவருக்கு ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். அளவுக்கு மீறிய சுமை என்று நிரூபித்தால் மட்டுமே மறுக்கலாம். அந்தச் சுமையைக் கணிக்கும்போது செலவு, வெளியிலிருந்து கிடைக்கக்கூடிய நிதி, சுகாதாரமும் பாதுகாப்பும் ஆகிய மூன்றை மட்டுமே பார்க்கலாம். "எங்களுக்கு வசதிப்படாது", "மற்ற மாணவர்கள் குறை சொல்வார்கள்" என்பவை அந்தப் பட்டியலில் இல்லை. 2018-இல் ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணையம் கல்விக்கென்றே தனியாக ஒரு கொள்கை ஆவணத்தைத் திருத்தி வெளியிட்டது. யாருக்கும் திறந்திருக்கும் ஆவணம் அது.

இன்னொரு முக்கியமான திருப்பத்தை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். மனநலக் காரணத்துக்காக ஏற்பாடு கேட்கும் மாணவர் தன் நோயின் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று முன்பு பல இடங்களில் கேட்டார்கள். யோர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டப் படிப்பில் இருந்த நவி தனோட்டா என்ற மாணவி இதை எதிர்த்து மனித உரிமைகள் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2016 ஜனவரியில் இணக்கம் ஏற்பட்டது. நோயின் பெயரைக் கேட்கும் நிபந்தனையை யோர்க் விலக்கிக்கொண்டது. அதன்பின் மாகாணத்தின் மற்ற அரச பல்கலைக்கழகங்களையும் கல்லூரிகளையும் அவ்வாறே மாற்றும்படி ஆணையம் கேட்டது. உங்கள் நோய் என்ன என்பதைவிட, அதனால் உங்களால் எதைச் செய்ய முடியவில்லை என்பதே முக்கியம் என்ற நிலை இப்படித்தான் வந்தது. ஒரு மாணவி வாய்திறந்ததால் வந்த மாற்றம் அது.

எங்கே, எப்போது பதிவது?

உயர்நிலைப் பாடசாலையில் ஐ.ஈ.பி. எனப்படும் தனிநபர் கல்வித் திட்டம் வைத்திருந்தவர்கள் கவனமாகக் கேளுங்கள். அது உங்களோடு தானாகப் பல்கலைக்கழகத்துக்கு வராது. பாடசாலையில் ஆசிரியர்கள் உங்களைத் தேடி வந்தார்கள். இங்கே நீங்கள்தான் போக வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு பெட்டியில் அடையாளமிட்டதும் பதிவு ஆகாது. அனுமதிக் கடிதம் வந்தபின் தனியாகப் பதிய வேண்டும்.

எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இதற்கென ஓர் அலுவலகம் இருக்கிறது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் அதன் பெயர் அக்ஸெஸபிலிற்றி சேர்விசஸ். யோர்க்கில் ஸ்ருடன்ட் அக்ஸெஸபிலிற்றி சேர்விசஸ். மற்ற இடங்களிலும் இதையொத்த பெயர்தான். பல்கலைக்கழக இணையத்தளத்தில் "அக்ஸெஸபிலிற்றி" என்று தேடினால் முதலில் வருவது அதுவாகத்தான் இருக்கும்.

காலம்: அனுமதியை ஏற்றுக்கொண்ட கிழமையே தொடங்குங்கள். யூன், யூலை மாதங்களில் அந்த அலுவலகங்களில் கூட்டம் குறைவு. செப்ரெம்பரில் வரிசை நீளம். பதிவுப் படிவம், வைத்தியப் படிவம், பிறகு ஆலோசகரோடு ஒரு சந்திப்பு என்று மூன்று படிகள். வைத்தியப் படிவம் பிந்தினால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். மற்ற இரண்டையும் தொடங்கிவிட்டு, "படிவம் வரும்வரை தற்காலிக ஏற்பாடு தர முடியுமா?" என்று கேளுங்கள். ஆணையத்தின் கொள்கையும் அதைத்தான் சொல்கிறது.

ஏற்கெனவே இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருப்பவர்களும் பதியலாம். முதலாம் ஆண்டோடு கதவு மூடப்படுவதில்லை. போன பரீட்சை போனதுதான். வரும் பரீட்சை இன்னும் வரவில்லை.

வைத்தியரின் படிவம்

இந்தப் பகுதியைத் தாதி என்ற முறையில் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பல பிள்ளைகளின் விண்ணப்பம் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

குடும்ப வைத்தியருக்கு உங்களோடு பத்து நிமிடம்தான் இருக்கும். நீங்கள் படிவத்தை மேசையில் வைத்துவிட்டு "இதை நிரப்பித் தாருங்கள்" என்றால், அவர் "மாணவருக்குப் பதற்றம் உண்டு, கூடுதல் நேரம் கொடுக்கவும்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுவார். அவர் மேல் பிழையில்லை. விரிவுரை மண்டபத்தில் உங்களுக்கு என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. படிவம் கேட்பது உங்கள் செயற்பாட்டில் ஏற்படும் தடைகளை: எவ்வளவு நேரம் கவனம் நிற்கிறது, எவ்வளவு நேரம் உட்காரலாம், எழுதலாம், வாசிக்கலாம், மருந்து என்ன செய்கிறது, இது எவ்வளவு காலத்துக்கு இருக்கும் என்பவற்றை.

ஆகவே போவதற்கு இரண்டு கிழமைக்கு முன் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். "நித்திரை வருவதில்லை" என்று எழுத வேண்டாம். "இரவு மருந்து எடுத்தால் காலை பத்து மணிவரை மயக்கம், எட்டரை மணி விரிவுரையில் குறிப்பு எடுக்க முடிவதில்லை" என்று எழுதுங்கள். "வாசிப்பது கஷ்டம்" என்பதற்குப் பதிலாக, "மற்றவர் இருபது நிமிடத்தில் வாசிப்பதை நான் வாசிக்க ஐம்பது நிமிடம், ஒரே வரியை மூன்று தரம் வாசிக்கிறேன்" என்று எழுதுங்கள். வருத்தம் கூடின நாளையும் குறைந்த நாளையும் தனித்தனியாகக் குறியுங்கள். அந்த ஒரு பக்கத்தைப் படிவத்தோடு வைத்தியரிடம் கொடுங்கள். நல்ல வைத்தியர் நன்றி சொல்வார்.

படிவத்தை நிரப்புவதற்கான சந்திப்பு என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். சில வைத்தியர்கள் படிவத்துக்குக் கட்டணம் எடுப்பார்கள். ஓஹிப் அட்டை அதற்குப் பொறுப்பல்ல. குடும்ப வைத்தியர் இல்லாதவர்கள் வளாகத்திலுள்ள மாணவர் சுகாதார நிலையத்தைக் கேளுங்கள். தாதிய நிபுணர், உளவியலாளர் போன்றோர் நிரப்பியதையும் பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். யார் கையெழுத்திடலாம் என்று படிவத்திலேயே எழுதியிருக்கும்.

டிஸ்லெக்சியா போன்ற கற்றற் குறைபாட்டுக்கு வைத்தியரின் படிவம் பொதுவாகப் போதாது. உளவியலாளர் செய்யும் விரிவான மதிப்பீடு வேண்டும். வெளியில் செய்தால் சில ஆயிரம் டொலர் வரும். பயந்து பின்வாங்க வேண்டாம். கிங்ஸ்ரனில் குயின்ஸ் பல்கலைக்கழகத்திலும் சட்பரியில் கேம்பிரியன் கல்லூரியிலும் மாணவர்களுக்கென மதிப்பீட்டு நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் அலுவலகத்து ஆலோசகரிடம் அவற்றைப் பற்றியும், செலவுக்கு உதவி உண்டா என்றும் கேளுங்கள்.

யாருக்குத் தெரிய வரும்?

பேராசிரியருக்குப் போகும் கடிதத்தில் உங்கள் நோயின் பெயர் இருக்காது. "இம்மாணவருக்குப் பரீட்சையில் ஒன்றரை மடங்கு நேரம்" என்பது போல ஏற்பாடு மட்டுமே இருக்கும். உங்கள் வைத்தியப் படிவம் அந்த அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும். பெறுபேற்றுச் சான்றிதழிலோ பட்டத்திலோ இதைப் பற்றி ஒரு சொல்லும் வராது. வேலை தருபவர் பார்க்கமாட்டார். ஒன்ராறியோவின் தகவல், அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். உங்கள் சம்மதம் இல்லாமல் அம்மா அப்பாவுக்கும் சொல்லமாட்டார்கள்; கட்டணம் கட்டுபவர் அவர்களாகவே இருந்தாலும்.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணவர் அனுமதியில் வந்திருப்பவர்களுக்கும் இந்த உரிமை சமமாக உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாடங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் ஏற்பாட்டை ஏற்பதற்கு முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள். படிப்புக்குப் பிந்திய வேலை அனுமதிக்கு முழுநேர மாணவராக இருந்தது முக்கியம்.

கடிதம் கிடைத்த பிறகு

கடிதம் கையில் வந்ததும் வேலை முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தவணையிலும் அதைப் புதுப்பித்து, ஒவ்வொரு பாடத்துக்கும் அனுப்ப வேண்டும். பரீட்சை அறைக்கு ஒவ்வொரு தரமும் முன்பதிவு வேண்டும். அதற்கும் முடிவு நாள் உண்டு. பாடத்திட்டம் கையில் கிடைத்த முதல் நாளே எல்லாப் பரீட்சைத் திகதிகளையும் பதிந்துவிடுங்கள்.

பேராசிரியருக்கு ஒரு சிறு மின்னஞ்சல் போடுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டாம். நோயை விவரிக்கவும் வேண்டாம். ஐந்து விஷயம் போதும்: நீங்கள் யார், எந்தப் பாடம், கடிதம் அனுப்பப்பட்டுவிட்டது, அதில் இந்தப் பாடத்துக்கு முக்கியமானது எது, எப்போது ஐந்து நிமிடம் பேசலாம். ஒப்படைக்குத் தவணை வேண்டுமென்றால் முடிவு நாளுக்கு முன் கேளுங்கள். எதுவும் வாய்மொழியாகப் பேசினால், "இன்று பேசியபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பி வையுங்கள். நாங்கள் வைத்தியசாலையில் சொல்வோம்: குறித்து வைக்காதது நடக்காதது. இதற்கும் அது பொருந்தும்.

பணம்

ஓசாப் பெறும் மாணவர்களுக்கு இயலாமைக்கென மத்திய, மாகாண உதவிகள் தனியாக உண்டு. இவை கடன் அல்ல, திருப்பிக் கட்டத் தேவையில்லை. மென்பொருள், ஒலிப்பதிவுக் கருவி, குறிப்பெடுப்பவர், தனிப்பயிற்சியாளர் போன்ற சேவைகளுக்கும் கருவிகளுக்கும் வருடத்துக்கு 20,000 டொலர் வரை பெறக்கூடிய மத்திய அரசின் மானியம் ஒன்று இருக்கிறது. தேவையைப் பொறுத்தே தொகை வரும். முழுநேர மாணவர் என்று ஓசாப் கணக்கெடுக்கப் பொதுவாக 60 சதவீதப் பாடச்சுமை வேண்டும். நிரந்தர இயலாமை உள்ளவருக்கு 40 சதவீதம் போதும். ஐந்து பாடத்தில் இரண்டு மட்டும் எடுத்தாலும் முழுநேர உதவி கிடைக்கும் என்பது இதன் பொருள். உடல் தாங்காமல் ஐந்து எடுத்து மூன்றில் விழுவதைவிட, இரண்டு எடுத்து இரண்டிலும் நிற்பது மேல். பட்டம் ஆறு வருடத்தில் வந்தாலும் அது பட்டம்தான்.

பிந்திவிட்டால், மறுத்துவிட்டால்

ஏற்கெனவே தவணையின் நடுவில் மூழ்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், முதலில் பல்கலைக்கழக நாட்காட்டியைத் திறந்து, பாதிப்பில்லாமல் பாடத்தை விடக்கூடிய கடைசி நாளைப் பாருங்கள். அது கடக்கவில்லையென்றால் உங்களுக்கு வழி இருக்கிறது. கடந்துவிட்டால், வைத்தியக் காரணம் காட்டிப் பிந்திய விலகலுக்கோ பரீட்சையை ஒத்திவைப்பதற்கோ மனுக் கொடுக்கலாம். மனு என்பது உறுதியல்ல. ஆனால் சும்மா இருப்பதைவிட நல்லது.

ஏற்பாடு மறுக்கப்பட்டால் அல்லது ஒரு பேராசிரியர் கடிதத்தைப் பொருட்படுத்தாவிட்டால், முதலில் உங்கள் ஆலோசகரிடம் போங்கள். பெரும்பாலும் அங்கேயே தீரும். தீராவிட்டால் பல்கலைக்கழகத்தின் மனித உரிமைகள் அலுவலகம், குறைகேள் அதிகாரி என்று படிகள் உண்டு. அதற்கும் மேல் ஒன்ராறியோ மனித உரிமைகள் தீர்ப்பாயம். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் அங்கே விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு இலவசமாகச் சட்ட உதவி தரும் மனித உரிமைகள் சட்ட உதவி மையமும் இருக்கிறது.

தொழிற்கல்வி படிப்பவர்களுக்கு

தாதியியல், மருந்தகவியல், சமூகப்பணி போன்றவற்றில் சில விஷயங்களை யாருக்காகவும் தளர்த்த முடியாது. மருந்தின் அளவைக் கணக்கிடத் தெரியாத ஒருவரை நோயாளியின் கட்டிலருகே நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. ஆனால் "என்ன செய்ய வேண்டும்" என்பதும் "எப்படிச் செய்ய வேண்டும்" என்பதும் வேறு வேறு. நோயாளியின் இருதய ஒலியைக் கேட்டு அறிய வேண்டியது கட்டாயம். காது மந்தமானவர் ஒலியைப் பெருக்கிக் காட்டும் மின்னணு ஸ்டெதஸ்கோப்பால் கேட்கலாம். வேலைப் பயிற்சிக்கு இடம் ஒதுக்குவதற்கு முன்பே பேசுங்கள். இரவுப் பணி ஆகாது, நீண்ட நேரம் நிற்க முடியாது என்பவற்றைப் பயிற்சி தொடங்கிய பிறகு சொன்னால் மாற்றுவது சிரமம். தாதிகள் பதிவுக்கு எழுதும் என்கிளெக்ஸ் பரீட்சையிலும் ஏற்பாடு கேட்கலாம். அதைத் தனியாக, முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

பெற்றோருக்கும் சபைக்கும் ஒரு சொல்

அம்மா, அப்பா, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. போர் பார்த்து, எல்லாம் இழந்து, பனியில் இரண்டு வேலை செய்து வளர்த்த பிள்ளை. அதன்மேல் ஒரு பெயர் ஒட்டிவிடக் கூடாது என்று நினைக்கிறீர்கள். மேலே சொன்னேன், அந்தப் பெயர் அந்த அலுவலகத்தைத் தாண்டி வராது. ஆனால் சொல்லாமல் விட்டால் பிள்ளையின்மேல் வேறு பெயர்கள் ஒட்டும்: படிக்காதவன், கவனமில்லாதவள். அதைவிடக் கொடியது, பிள்ளை அந்தப் பெயரைத் தானே நம்பத் தொடங்குவது. சித்தியடையாத பாடத்தை மறைத்து, பல்கலைக்கழகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மோலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நான் அறிவேன். அந்தத் தனிமை மிக ஆபத்தானது. பிள்ளை வீட்டில் வாய்திறந்தால், முதலில் "எவ்வளவு காலமாய் இப்படி இருக்கு?" என்று கேளுங்கள். "யாருக்கெல்லாம் தெரியும்?" என்பதைப் பிறகு கேட்கலாம்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டமளிப்புக்கு வாழ்த்தும்போது எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று எண்ண வேண்டாம். வாலிபர் கூட்டத் தலைவர்களே, ஓகஸ்ட் மாதத்தில் ஒரு கூட்டத்தை இதற்கென ஒதுக்குங்கள். ஏற்கெனவே பதிந்த அண்ணாமாரும் அக்காமாரும் விரும்பினால் வந்து சொல்லட்டும். புதிதாகப் போகும் பிள்ளைக்கு என் கட்டுரையைவிட அவர்களுடைய பத்து நிமிடம் உதவும்.

மனம் தாங்காத இரவில், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், ஏற்பாடும் படிவமும் பிறகு. கனடாவில் எங்கிருந்தும் எந்நேரமும் 988 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

மற்றவர்களுக்கு இந்தக் கிழமை வேலை மூன்றுதான். உங்கள் பல்கலைக்கழகத்தின் அலுவலகத்தைத் தேடிப் பதிவுப் படிவத்தைத் திறவுங்கள். குடும்ப வைத்தியரிடம் "படிவத்துக்கு" என்று சொல்லி ஒரு சந்திப்பு எடுங்கள். ஒரு கொப்பியை எடுத்து இன்றைய திகதியை எழுதி, இன்று உங்கள் உடலும் மனமும் எதைச் செய்யவிடவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியை எழுதப் பத்து நிமிடத்துக்கு மேல் போகாது. கார் தரிப்பிடத்தில் என்னோடு பேச வேண்டுமென்றால், ஞாயிறு ஆராதனை முடிந்து நான் அங்கே நிற்பேன்.